யாருக்குப் போட்டே, அக்கா?

மிதுஷாவுக்குக் கேள்வி கேட்காமல் இருக்கத் தெரியாது. பல் துலக்கும்போதுகூட வாய் நிறைய நுரையோடு ஏதாவது கேட்பாள்.

"ஒரு சாப்பாட்டுக்கு மூணு கேள்விதான்" என்று அம்மா சட்டம் போட்டிருந்தார். மிதுஷா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். மூன்று கேள்வி முடிந்ததும் இன்னொரு கரண்டி பருப்பு கேட்டு வாங்குவாள். அது புதுச் சாப்பாடாம்!

அவர்கள் வீடு கண்டி நகரத்துக்கு மேலே, ஹந்தானை மலைப் பக்கம் இருந்தது. பஸ் நிற்கும் ரோட்டிலிருந்து நீளமான படிக்கட்டு ஏறித்தான் வீட்டுக்கு வர வேண்டும். பாதி வழியில் ஒரு வளைவு. அந்த வளைவில் ஒரு தெருவிளக்கு. அது எரியாமல் பல மாதமாயிற்று.

மிதுஷாவின் அக்கா யசோதாவுக்கு இருபது வயது. பல்லேகலவில் ஒரு காமன்ட்ஸ் தொழிற்சாலையில் தையல் வேலை. விடியும் முன்பே போய், இருட்டிய பிறகுதான் திரும்புவாள். அவள் பஸ் வரும் நேரம் பார்த்து, மிதுஷா அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போய் வெளிச்சம் காட்டுவாள்.

ஒரு நாள் நல்ல மழை. மிதுஷா குடையைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் வளைவில் "உம்மா!" என்று யாரோ அலறும் சத்தம் கேட்டது.

ஓடிப்போய் வெளிச்சம் அடித்தாள். அக்காவோடு வேலை செய்யும் பஸ்லினா அக்கா படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாசி பிடித்த படியில் சறுக்கிவிட்டது. கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. யசோதா அவளைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏற்றி வீட்டில் விட்டாள்.

அன்று சாப்பிடும்போது மிதுஷா கேட்டாள். "அப்பா, அந்த லைட்டை ஏன் செய்ய மாட்டேங்கிறாங்க?"

"மாநகர சபையில சொல்லிட்டேன்மா. பார்க்கிறோம்ங்கிறாங்க."

"மேல் ரோட்டு லைட் போன மாசம் கெட்டுச்சு. ரெண்டு நாள்ல ஏணியோட வந்து செஞ்சிட்டுப் போனாங்களே. அதுவும் இதே சபைதானே?"

"இதே சபைதான்."

"அதே ஏணிதானே?"

"மூணு முடிஞ்சுது" என்றார் அம்மா.

மிதுஷாவுக்குப் பருப்பு இறங்கவில்லை. ஒரே சபை, ஒரே ஏணி. அது மேல் ரோட்டுக்கு மட்டும் ஏன் ஏறுகிறது?

அப்போது உள்ளூராட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தபால்காரர் வீட்டுக்கு வாக்காளர் அட்டைகள் கொண்டுவந்தார். அப்பாவும் அம்மாவும் தங்களுடையதை அலுமாரியில் பத்திரமாக வைத்தார்கள். யசோதா தன்னுடையதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த டீவி மேசையின் காலுக்குக் கீழே செருகினாள்.

"அக்கா! அது ஓட்டுப் போடுற அட்டை!"

"தெரியும். மேசை இப்ப ஆடலை பாரு. இந்த வீட்டுக்கு எலெக்‌ஷனால நடந்த முதல் நல்ல காரியம்."

"நீ ஓட்டுப் போட மாட்டியா?"

"யாரு வந்தாலும் நான் இருட்டுலதான் எழும்பணும், இருட்டுலதான் வரணும். அன்னிக்கு லீவு. நான் நல்லாத் தூங்கப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை வேட்பாளர் ஒருவர் வந்தார். பெயர் மோகனராஜ். டவுனில் ஹாட்வெயர் கடை வைத்திருப்பவர். கூடவே சுதேஷ் என்ற இளைஞன் துண்டுப் பிரசுரக் கட்டோடு மூச்சு வாங்க ஏறி வந்தான்.

மோகனராஜ் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்த யசோதாவை மட்டும் அவர் கவனிக்கவே இல்லை. அவளைச் சுற்றிக்கொண்டு போனார், பூந்தொட்டியைச் சுற்றிப் போவது போல.

மிதுஷா குறுக்கே வந்து நின்றாள். "அங்கிள், மேல் ரோட்டு லைட்டை உடனே செஞ்சாங்க. எங்க லைட்டை ஏன் செய்யலை?"

"அடடே, கெட்டிக்காரப் பிள்ளை!" என்று அவள் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

'கெட்டிக்காரப் பிள்ளை' என்பது பதில் இல்லையே! மிதுஷா பின்னாலேயே போனாள். சுதேஷ் படியில் உட்கார்ந்து செருப்புக்குள் போன கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்களுக்காவது தெரியுமா?"

சுதேஷ் முன்னாலும் பின்னாலும் பார்த்தான். யாரும் இல்லை. "உள்ளதைச் சொல்லவா? மேல் ரோட்டுக்காரங்க எலெக்‌ஷன் அன்னிக்கு விடிஞ்சதும் வந்து வரிசையில நிப்பாங்க. இந்தப் படிக்கட்டுல இருட்டுல நடக்கிறது யாரு? வேலைக்குப் போற பிள்ளைங்க. அவங்க ஓட்டுப் போட வாறதே இல்லை. வராதவங்களுக்காக யாரு ஏணி தூக்குவா, தங்கச்சி?"

"அவங்க வரலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாக் கட்சிக்காரங்களும் ஓட்டுப் போடுற இடத்துக்கு உள்ளுக்கு ஆள் போட்டிருப்போம்ல? யாரு வந்தா, யாரு வரலைன்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

"அப்போ யாரு யாருக்குப் போட்டாங்கன்னும் தெரியுமா?"

"சேச்சே! அது யாருக்குமே தெரியாது. மறைப்புக்குப் பின்னால நின்னு சீட்டுல புள்ளடிக் குறி போட்டு, மடிச்சுப் பெட்டியில போட்டா முடிஞ்சுது. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

மிதுஷா வீட்டுக்கு ஓடினாள். சுதேஷ் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அக்காவிடம் ஒப்பித்தாள்.

யசோதா சீப்பைக் கீழே வைத்தாள். "வராதவங்களுக்காக யாரு ஏணி தூக்குவான்னா சொன்னான்?"

"ம்."

"பஸ்லினா விழுந்து கிடந்தது அவனுக்குத் தெரியுமா?"

"அது தெரியாது. நீ வராதது தெரியும்."

யசோதா மறுபடி சீப்பை எடுத்துக்கொண்டாள். ஆனால் அன்று சாயங்காலம் டீவி மேசை மறுபடி ஆடியது. மிதுஷா குனிந்து பார்த்தாள். காலுக்குக் கீழே இப்போது பிஸ்கட் பெட்டியின் அட்டை இருந்தது.

தேர்தல் நாளும் வந்தது. அன்று மழை விடவே இல்லை. அப்பாவும் அம்மாவும் காலையிலேயே போய் வாக்களித்துவிட்டு வந்தார்கள். யசோதா போர்வைக்குள் சுருண்டிருந்தாள்.

"அக்கா, போகலையா?"

"பஸ்லினாவுக்குக் கால் இன்னும் சரியில்லை. அவ போனா நானும் போவேன்" என்றது போர்வை.

மிதுஷா குடையோடு பஸ்லினா வீட்டுக்குப் போனாள். பஸ்லினா காலில் கட்டோடு ஜன்னலருகே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"தனியா எப்படி எறங்குற? யசோதா வந்தா நானும் வாறேன் எண்டு செல்லு."

பஸ்லினாவின் பக்கத்து வீட்டு நதீஷா அக்காவும் அதே காமன்ட்ஸ்தான். அவள் கதவை அரைவாசி திறந்து, அவர்கள் இரண்டு பேரும் வந்தால் தானும் வருவதாகச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, கொட்டாவி விட்டுக் கதவை மூடினாள்.

மிதுஷா திரும்ப அக்காவிடம் போனாள். அக்கா மறுபடியும், "அவ கிளம்பிட்டாளா?" என்று கேட்டாள். மிதுஷா பஸ்லினாவிடம் போனாள். "யசோதா எழும்பிட்டாளா?" என்று பஸ்லினா கேட்டாள். ஏறி இறங்கி மிதுஷாவின் கால் வலித்தது. பாவாடை நனைந்து ஒட்டிக்கொண்டது. நாலு மணிக்கு வாக்குச்சாவடியை மூடிவிடுவார்கள்.

வளைவில் நின்று யோசித்தாள். இவர்களில் ஒருவராவது வர மாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லோருமே வருவதாகத்தான் சொல்கிறார்கள். மற்றவர் முதலில் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். இது அவர்களுக்கே தெரியாது!

மிதுஷா குடையை மடக்கினாள். இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"யசோதா அக்கா வந்தா பஸ்லினா அக்கா வருவாங்களாம்! பஸ்லினா அக்கா வந்தா யசோதா அக்கா வருவாளாம்! ரெண்டு பேரும் வந்தா நதீஷா அக்கா வருவாங்களாம்! இப்ப யாருதான் முதல்ல வர்றது?"

மலைச்சரிவு முழுக்க அது கேட்டது. யாரோ ஒரு வீட்டுக்குள் சிரித்தார்கள். நாயொன்று குரைத்தது.

நதீஷாவின் கதவு திறந்தது. பஸ்லினாவின் ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. மேலே வாசலில் யசோதா போர்வையோடு வந்து நின்றாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூன்று பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

"மானத்தை வாங்காதடி! வாறேன்!" என்று கத்தினாள் யசோதா.

பஸ்லினாவை நடுவில் விட்டு மற்ற இரண்டு பேரும் தாங்கிக்கொண்டார்கள். சத்தம் கேட்ட இன்னும் சில வீடுகளிலிருந்து அவர்கள் வயதுப் பெண்களும் பையன்களும் எட்டிப் பார்த்தார்கள். "நில்லுங்க, நாங்களும் வாறோம்!" என்று செருப்பை மாட்டினார்கள். படிக்கட்டில் குடைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

வாக்குச்சாவடி மிதுஷா படிக்கும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. வாசலில் நின்ற பொலிஸ்காரர், "ஓட்டு இருக்கிறவங்க மட்டும்" என்றார். தன்னுடைய பள்ளிக்கூடத்துக்குள்ளேயே தன்னால் போக முடியவில்லை! மிதுஷா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அக்கா வெளியே வந்ததும் கேள்விகள் கொட்டின. "உள்ளுக்கு என்ன இருந்துச்சு? மறைப்பு எப்படி இருந்துச்சு? சீட்டு எவ்வளவு பெருசு?"

"மறைப்பு வெறும் அட்டைதான். சீட்டு நீளமா, சின்னம் சின்னமா இருந்துச்சு. என் பேரைச் சத்தமா வாசிச்சாங்க. அங்க இருந்தவங்க எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தாங்க." யசோதா சின்னவிரலைக் காட்டினாள். நகத்தோரம் கறுப்பு மை. "பேர் வாசிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சீட்டை ரெண்டு தடவை மடிச்சுப் பார்த்துத்தான் பெட்டியில போட்டேன்டி."

"யாருக்குப் போட்டே, அக்கா?"

"சொல்ல மாட்டேன்."

"எனக்கு மட்டும்?"

"உனக்கு மட்டும் சொல்லவே மாட்டேன். நீதான் மலை முழுக்கக் கத்துவியே."

படியேறும்போது மிதுஷா பேசாமல் வந்தாள். அது புதுமையாக இருந்ததால் பஸ்லினா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன யோசனை?"

"நீங்க வந்தது எல்லாக் கட்சிக்காரங்களுக்கும் தெரியும். யாருக்குப் போட்டீங்கன்னு யாருக்கும் தெரியாது. அப்படித்தானே?"

"ஓ, அப்படித்தான்."

"அப்போ ஜெயிச்சவரு, இவங்க எனக்குத்தான் போட்டாங்க போலன்னு நினைப்பாரு. தோத்தவரு, அடுத்த முறை எனக்குப் போடுவாங்கன்னு நினைப்பாரு. எல்லாருமே உங்களை நல்லா வச்சுக்கணும்ல?"

மூன்று பேரும் அப்படியே படியில் நின்றுவிட்டார்கள்.

"இவட தலைக்குள்ள என்னதான் ஈக்கு?" என்றாள் பஸ்லினா.

தேர்தலில் மோகனராஜ் வென்றார். ஆனால் படிக்கட்டுக்கு முதலில் வந்தவர் அவரல்ல. வேறொரு கட்சியில் நின்று தோற்றுப்போன அரூஸ் என்பவர்தான் வந்தார். "நான் தோத்தாலும் உங்களை மறக்கல்ல. இந்த லைட் எரியாட்டி எனக்குச் செல்லுங்க, நான் சபையில போய்ச் சத்தம் போடுவேன்" என்றார். அவர் கதிரையில் இருந்த யசோதாவைப் பார்த்துத்தான் பேசினார்.

அந்தச் செய்தி மோகனராஜுக்கு எட்டியிருக்க வேண்டும். மறுநாள் இருட்டியதுமே அவர் சுதேஷோடு வந்துவிட்டார். வளைவில் யசோதா, பஸ்லினா, நதீஷா மூன்று பேரும் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மிதுஷா போன் வெளிச்சத்தை நேராக விளக்குக் கம்பத்தின் உச்சியில் அடித்தாள்.

"பாருங்க சார்" என்றாள் யசோதா. "தினமும் இந்த இருட்டுலதான் வாறோம். இவ விழுந்து எத்தனை நாள் வேலைக்குப் போகலை தெரியுமா?"

மோகனராஜ் கம்பத்தைப் பார்த்தார். பஸ்லினாவின் கால் கட்டைப் பார்த்தார். சுதேஷின் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார். "இவங்கெல்லாம் வந்தாங்களா?"

"எல்லாரும் வந்தாங்க சார். மழையில வந்தாங்க" என்றான் சுதேஷ்.

மோகனராஜ் குனிந்து மிதுஷாவிடம் இன்னும் மெல்லக் கேட்டார். "உங்க அக்கா எனக்குத்தானே போட்டாங்க?"

மிதுஷா பெருமூச்சு விட்டாள். "நானும் எத்தனை தடவை கேட்டுட்டேன் அங்கிள். சொல்லவே மாட்டேங்கிறா."

அந்த வாரமே ஏணி வந்தது. இரண்டு பேர் பழைய பல்பைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். அன்று இருட்டியதும் வளைவில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. படியில் பிடித்திருந்த பாசிகூடத் தெளிவாகத் தெரிந்தது. மிதுஷா போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி வந்தாள். விளக்கின் கீழே வந்ததும் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பாசியைக் காலால் தேய்த்துப் பார்த்தாள்.

"மிது, இந்தப் படியெல்லாம் யாரு கழுவணும்? சபையா?"

"தெரியாதே."

"கைப்பிடிக் கம்பி போடச் சொல்ல முடியுமா? அதுக்கு யார்கிட்ட கேட்கணும்? ஆறு மணி பஸ் ஏன் ஒரு நாளும் ஆறு மணிக்கு வாறதில்லை? அது சபையா, வேற யாருமா?"

மிதுஷா வாயைத் திறந்தபடி அக்காவையே பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள்; மூன்றைத் தாண்டிவிட்டது! அவளுக்கு ஒரே சந்தோஷம். இனிமேல் அந்த வீட்டில் கேள்வி கேட்க இரண்டு பேர்.