தண்ணீர் டியூப்

வெறும் தண்ணீர் ஊற்றிய டியூபின் கோடு திரையில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கிருமி இருந்தால்தான் கோடு ஏறும். ஒவ்வொரு சோதனையோடும் ஒரு டியூபில் தண்ணீரை மட்டும் வைப்பதே, அது ஏறாமல் படுத்துக் கிடக்கிறதா என்று பார்க்கத்தான். குளிர்பெட்டியின் முனகலும் ஸ்பிரிட் வாடையும் நிறைந்த அந்த ஜன்னலில்லாத அறையில், பகல் பதினோரு மணிக்கு, லேப் டெக்னீஷியனுக்கு வியர்த்தது.

நேற்று அவள் தண்ணீர் டியூப் வைக்கவில்லை. வந்தது தம்பியின் எலும்புத் துணுக்கு. முறிந்த கால் ஆறாமல் வார்டில் அலறிக்கொண்டிருந்தான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். "உன் மெஷினுக்கு என்னைக் கண்டாலே ஆகலக்கா" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான் இன்று பதினொன்றரைக்கு அவன் காலை முட்டிக்கு மேலே வெட்டப் போகிறார்கள்.

நேற்று ஏறிய கோடும் பொய்யாக இருக்கலாம் என்று டாக்டருக்கு உடனே போன் செய்திருக்கலாம். செய்தால் வேலை போய்விடும். இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று கையுறை மாற்றி, புதுத் தண்ணீர் எடுத்து, கூடவே, கிருமி தன்னிடமிருந்தே வந்திருக்குமோ என்று தன் மூக்கைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அதையும் ஒரு டியூபில் வைத்தாள். ஒன்றரை மணி நேரமாகும். மெஷின் இரைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆபரேஷன் தியேட்டர். சக்கரங்கள் உருளும் சத்தம், கதவு மூடும் சத்தம், பிறகு ஈரக்கட்டையை அறுப்பதுபோல நிதானமாக ஒரு சத்தம். பயத்தில் காதைப் பொத்திக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

மூக்குத் துடைத்த டியூபின் கோடுதான் முதலில் ஏறியது. செங்குத்தாக. கிருமி அவளிடம் இருந்தது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

போனை எடுத்தாள்.

"நிறுத்தச் சொல்லுங்க சிஸ்டர்!"

"எதை மேடம்? தையலே போட்டாச்சு."

சற்று நேரத்தில் நர்ஸ் துணி மூடிய தட்டோடு வந்தாள். "உங்க தம்பி காலு. எலும்பு எடுத்து இன்னொரு டெஸ்ட் போடணுமாம். உங்க கைதான் ராசின்னு டாக்டரே சொன்னாரு."

கதவு சாத்திக்கொண்டது. அவள் துணியை விலக்கினாள். தோலில் இன்னும் சூடு இருந்தது. எலும்பைக் கீறிப் பார்த்தாள். வெள்ளை. சீழ் இல்லை. அழுகல் இல்லை. நல்ல கால்.

"டேய்..."

பாதத்தைத் தொடக் கை நீட்டினாள்.

விரல்கள் மடங்கின. குதிகால் தட்டில் உரசியது. அவள் கை எட்டாத மூலைக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, அந்தக் கால் பின்வாங்கியது.