பின் சீட்

டாடா ஏஸின் பின்கதவு திறந்ததும் தௌசீப் அகமது டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

கோணி சுற்றி, கயிறு கட்டி, சக்கரங்களில் காற்றில்லாமல் உள்ளே சாய்ந்து கிடந்தது அந்த வண்டி. எண்பத்தைந்தாம் வருடத்து இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் பைக். ஒரு காலத்தில் இது பைபாஸில் போனால், சத்தம் முதலில் வரும், புகை அப்புறம் வரும், ஆளைப் பார்க்கவே முடியாது.

"எப்படி பாய் நம்ம ராணி?" ஹரிஹரன் முன்சீட்டிலிருந்து குதித்தான். இருபத்தொன்பது வயது. ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர்.

"ராணியா? காயலான் கடைக்குப் போற வயசு தம்பி இதுக்கு. எங்க புடிச்ச?"

"குடியாத்தம். நந்தகோபால்னு பவர்லூம்காரர். இருபது வருஷமா தறி ஷெட்ல சும்மா கிடந்திச்சாம். ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பாக்கல, தூக்கிட்டுப் போங்கன்னுட்டாரு."

ஆம்பூர் பைபாஸை ஒட்டி, மூடிப்போன ஒரு டேனரியின் குடோனில் இருந்தது தௌசீப்பின் பட்டறை. டேனரி போய்ப் பல வருடம் ஆகியும் சுவரிலிருந்து சுண்ணாம்பும் தோலும் கலந்த நாற்றம் போகவில்லை. வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறும். பழகிய மூக்குகள் அதைக் கண்டுகொள்வதில்லை.

ஹரிஹரன் போனைப் பார்த்து வேலைகளைப் படித்தான். முன்னால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக். பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். போர் பண்ணி புது பிஸ்டன். பின்னால் கேஸ் ஷாக் அப்சார்பர்.

"முக்கியமா டபுள் சீட்டு பாய். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கல்யாண நாள். கவிப்ரியாவைப் பின்னாடி வச்சு ஏலகிரி ஏறணும்."

வண்டியில் இருந்தது ஒற்றை சீட். தௌசீப் குனிந்து பார்த்தார். பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் இரண்டு பக்கமும் இல்லை. சேலை சிக்காமல் இருக்கப் போடும் கம்பித் தடுப்பும் இல்லை. கழற்றியது போல் இல்லை. ஃபுட்ரெஸ்ட் மாட்டுவதற்காகச் சேஸில் ஒட்டியிருந்த இரும்புக் காதையே ஹேக்ஸா பிளேடால் அறுத்து, அரம் போட்டு வழவழப்பாக்கி, மேலே கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"யாரோ வேணும்னே அறுத்திருக்காங்க தம்பி."

"ரேஸுக்காக வெயிட்ட கம்மி பண்ணிருப்பாங்க."

"ரேஸ்காரன் அரம் போட மாட்டான். அறுத்து எறிஞ்சிட்டுப் போய்டுவான். இது பொறுமையா பண்ணது."

"பிரேக்கு, இன்ஜின் எப்படியோ போகட்டும், சீட்டு எனக்கு ஒரிஜினல் மாதிரியே வேணும் பாய். கம்பெனியிலிருந்து எப்படி வந்துச்சோ அப்படி."

இந்தத் தொழிலில் அந்த ஒரு வார்த்தைக்கு மறுபேச்சு கிடையாது. பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரிஜினல் என்றால் மதம். அதில் எது குறைந்திருந்தாலும் குறை. ஏன் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை.

தௌசீப்பும் அதற்குமேல் கேட்கவில்லை. வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு காதையும் ஒட்ட வைத்தார். பக்கத்துக் கடை வேலு, சீட் கவர் தைப்பவன், நல்ல எருமைத் தோலில் நீள சீட் தைத்துக் கொடுத்தான். பத்து நாளில் இன்ஜின் உயிர் பிடித்தது.

எல்லாம் சரியாகத்தான் போனது. வியாழக்கிழமை மதியம் மூன்று மணி வரைக்கும்.

புது ஷாக் அப்சார்பர் மாட்டினால் அளவு வைக்க வேண்டும். பின் சக்கரத்தின் அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு சாக்பீஸ் கோடு வரை டேப் பிடித்து அளப்பது. வெறும் வண்டி ஒரு அளவு. ஆள் உட்கார்ந்தால் ஒரு அளவு. இரண்டுக்கும் முப்பது மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் சரி. ஜாஸ்தி இறங்கினால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும்.

ஹரிஹரன் ஏறி உட்கார்ந்தான். தௌசீப் அளந்தார்.

ஐம்பத்தெட்டு.

"இன்னா வெயிட் நீ?"

"அறுவத்திரண்டு."

ஸ்பிரிங்கை இரண்டு சுற்று இறுக்கி மறுபடியும் அளந்தார். ஐம்பத்தெட்டு. மூன்று சுற்று. ஐம்பத்தெட்டு. முப்பது வருடத்தில் இறுக்க இறுக்கக் குறையாத ஸ்பிரிங்கை அவர் பார்த்ததில்லை.

"இது ஒரு ஆள் அளவு இல்ல தம்பி. ரெண்டு ஆள் அளவு."

"கல்யாணமாகி ஒரு வருஷத்துல வெயிட் போட்டுட்டேனோ என்னவோ," ஹரிஹரன் சிரித்துக்கொண்டே இறங்கினான். "போன் அடிக்குது, வர்றேன்." வெளியே போய்விட்டான்.

தௌசீப் டேப்பை எடுக்கவில்லை. அச்சின் மேல் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஆள் இறங்கினால் வண்டி மேலே எழும்ப வேண்டும்.

எழும்பியது.

பாதி.

மீதி அப்படியே அமுங்கி நின்றது. சீட்டின் பின்பாதித் தோல் லேசாகக் குழிந்திருந்தது. புதுத் தோல். வேலு நேற்றுதான் முறுக்கி இழுத்து ஆணி அடித்திருந்தான்.

பட்டறையில் ஃபேன் ஓடவில்லை. வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வெயில் தகர ஷீட்டில் டிக், டிக் என்று வெடித்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. டேனரி நாற்றம் இல்லை. புது லுங்கியைப் பிரித்தால் மூக்கில் அடிக்குமே, கஞ்சி வாசனை. சுத்தமான, உலர்ந்த வாசனை.

அவர் மூச்சு விடவில்லை.

மெதுவாக, ஒருவர் பத்திரமாகக் காலை ஊன்றி இறங்குவது போல, வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பியது.

டேப் அவர் கையிலிருந்து நழுவிச் சுருட்டிக்கொண்டது.

ஹரிஹரன் திரும்பி வந்தபோது தௌசீப் வாசலில் நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னால் சிரிப்பான். அவனுக்குப் புரிகிற பாஷையில் சொன்னார்.

"நாளைக்கு வண்டி கிடையாது. புது பிஸ்டன். ஐந்நூறு கிலோமீட்டர் உருட்டி உருட்டிப் பழக்கணும். அதுக்கு முன்னாடி ரெண்டு பேரை வச்சு மலை ஏத்துனா ஜாம் ஆய்டும். பொண்டாட்டிய ஏத்தாத. கேக்குதா?"

"கேக்குது பாய். இன்னா இப்படி பேஜார் பண்றீங்க."

அவன் போனதும் தௌசீப், வண்டி வாங்கிய ரசீதில் இருந்த நந்தகோபாலின் நம்பருக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுநாள் காலையும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்துப் பட்டறைக்குத் திரும்பியபோது மணி இரண்டு. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் துளி மட்டும் இருந்தது.

"அவரு வந்து எடுத்துட்டுப் போய்ட்டாரு பாய்," என்றான் வேலு, ஊசியில் நூல் கோத்தபடி. "உங்ககிட்ட சொல்லிட்டேன்னாரு. வீட்டம்மாவும் கூட வந்தாங்க. ஜோடியா நல்லா இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நந்தகோபால்.

"தறி சத்தத்துல கேக்கல. யாருங்க?"

தௌசீப் சொன்னார். எதிர்முனையில் தறிகள் தடதடத்தன. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டு, அமைதியானது.

"ஒத்த சீட்டோடதானே கொடுத்தேன்," என்றார் நந்தகோபால்.

"டபுளா மாத்திட்டோம். ஃபுட்ரெஸ்ட்டு நான்தான் வெல்ட் வச்சேன்."

நந்தகோபால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"என் சம்சாரம் பேரு தனகோடி. விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போய்ட்டு வந்துட்டிருந்தோம் பாய். பள்ளிகொண்டா தாண்டி, குடியாத்தம் நெருங்கும்போது ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல விழுந்துட்டா. எனக்குத் தெரியல. அந்த இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஆறு கிலோமீட்டர் வந்துட்டேன். வீட்டு வாசல்ல நிறுத்தி, இறங்கும்மான்னேன்."

"விழுந்தது கூடவா தெரியல?"

"எப்படித் தெரியும் பாய். ஆறு கிலோமீட்டரும் என் தோள்மேல கை இருந்துச்சே."

தௌசீப் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அவ செத்தப்புறமும் வண்டிய எப்ப எடுத்தாலும் ஏறுவா. அதுகூடப் பரவாயில்ல, என் சம்சாரம்தானேன்னு விட்டேன். ஒரு நாள் என் தங்கச்சி பின்னாடி உக்காந்தா. ஓடுற வண்டியிலிருந்து யாரோ புடிச்சுத் தள்ளுன மாதிரி விழுந்தா. இடுப்பு போச்சு. அன்னிக்குத்தான் அறுத்தேன். உக்கார இடம் இல்லன்னா அவ ஏற மாட்டா. இப்ப பின்னாடி யாராவது உக்காந்திருக்காங்களா?"

தௌசீப் போனை வெட்டினார். டூல் பையை ஸ்கூட்டரில் மாட்டிக் கிளம்பிவிட்டார்.

வாணியம்பாடி தாண்டும் வரை ஹரிஹரனுக்கு எட்டு முறை அடித்தார். எடுக்கவில்லை. ரோட்டோரம் எங்கே கூட்டம் தெரிந்தாலும் ஸ்கூட்டரை மெதுவாக்கி எட்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் கரும்பு ஜூஸ் கடை. ஒரு இடத்தில் மாடு. பொன்னேரியில் திரும்பி மலை ஏற ஆரம்பித்தபோது அவர் உதடு தானாக ஓதிக்கொண்டிருந்தது. நான் ஒட்ட வைத்த இரும்பு. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆனால் என் கையால் ஆனது.

ஒன்பதாவது வளைவில், கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். நீல சுடிதார். தலையில் ஹெல்மெட்.

கவிப்ரியா. ஹரிஹரன் போனில் காட்டிய போட்டோவில் இருந்த அதே முகம்.

ஒரு கீறல் இல்லை. டூல் பையைப் பார்த்ததும், பட்டறை பாய் என்று புரிந்து ஓடி வந்தாள்.

"போட்டோ எடுக்க இறங்கினேன் பாய். அவரு இன்ஜின ஆஃப் பண்ணாம உக்காந்திருந்தாரு. நான் போனை ஹேண்ட்பேக்ல வச்சிட்டிருக்கேன், ஏறவே இல்ல. வண்டி பின்பக்கம் அமுங்குச்சு. அவரு 'ஏறிட்டியா'ன்னாரு."

"அப்புறம்?"

"யாரோ 'ம்'னு சொன்னாங்க. வண்டி போய்டுச்சு. கத்தினேன், திரும்பல. பத்து தடவை போன் பண்ணிட்டேன்."

தௌசீப்பின் போன் அடித்தது. ஹரிஹரன். அவர் ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் இரட்டை சிலிண்டர் சீராகத் துடித்தது.

"பாய், கோச்சுக்காதீங்க. மேல வந்துட்டோம். வண்டி பொளந்து கட்டுது. ஜாம் எல்லாம் ஒண்ணும் ஆகல." குரல் விலகியது, பின்னால் திரும்பிப் பேசுவது போல. "கவி, உன் நம்பர்லருந்து பத்து மிஸ்டு கால் வந்திருக்கு பாரு. ஹேண்ட்பேக்லயே தானா அமுங்கிருக்கு போல."

கவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி," தௌசீப் நிதானமாகப் பேசினார். "நீ திரும்பாத. நான் சொல்றத மட்டும் கேளு. சாவியத் திருப்பு. இறங்கி நேரா நட."

"ஏன் பாய்?"

கவிப்ரியா போனை வாங்கினாள்.

"ஹரி. நான் இங்க ஒன்பதாவது வளைவுல நிக்கிறேன்."

மறுமுனையில் இன்ஜின் மட்டும் ஓடியது.

பிறகு, ஹரிஹரனின் வாய்க்கு மிக அருகில், ஒரு பெண்ணின் குரல். கோபமே இல்லாத, வீட்டில் பேசுகிற குரல்.

"நிறுத்தாதீங்க. வீடு வந்துடும், ஓட்டுங்க."

போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அவர்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது, படகுத் துறைக்குப் போகும் ரோட்டோரம் வண்டி சைடு ஸ்டாண்டில் நின்றிருந்தது. ஹரிஹரன் நூறு அடி தள்ளி ஒரு பலாப்பழக் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சாவி அவன் முஷ்டிக்குள் இருந்தது. விரல்களைக் கவிப்ரியாதான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவன் அவள் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

தௌசீப் டூல் பையைத் திறந்தார். ஹேக்ஸாவை எடுத்தார். சுற்றுலா வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, பட்டப்பகலில், தன் கையால் வைத்த வெல்டிங்கைத் தானே அறுத்தார். முதல் பிளேடு உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. மூன்றாவது பிளேடில் வலது காது விழுந்தது. பிறகு இடது. ஸ்பேனர் போட்டு சீட்டைக் கழற்றிப் புல்லில் எறிந்தார்.

வாசனை நின்றது. சுவிட்சை அணைத்தது போல.

"இனிமே உக்கார இடம் இல்ல," என்றார் மூச்சு வாங்கியபடி.

ஹரிஹரனையும் கவிப்ரியாவையும் வாணியம்பாடி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வண்டியை ஏற்ற டாடா ஏஸுக்குச் சொல்லியாயிற்று. சாயங்காலம் நாலரைக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். மலைக்காற்று முகத்தில் பட்டது. அந்தப் பொண்ணு உயிரோடு இருக்கிறாள். அது போதும். இறக்கத்தில் ஸ்கூட்டர் வழக்கத்தைவிட வேகமாக இறங்கியது. பிரேக் பிடித்துப் பிடித்து விரல் வலித்தது.

மலையடிவாரத்தில் போலீஸ் செக்கிங். இளவயது கான்ஸ்டபிள் ஒருவர் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னார்.

"ஆர்.சி. இருக்கா பாய்?"

"இருக்கு சார்."

"ஹெல்மெட் போட்டிருக்கீங்க, சரி." அவர் பார்வை தௌசீப்பின் தோளுக்குப் பின்னால் போனது. "பின்னாடி உக்காந்திருக்கிற அம்மாவுக்கு எங்க ஹெல்மெட்டு?"

தௌசீப் திரும்பவில்லை.

கான்ஸ்டபிள் நோட்டைத் திறந்தார். "பேரு இன்னாம்மா?"

தௌசீப்புக்கு எதுவும் கேட்கவில்லை.

கான்ஸ்டபிளுக்குக் கேட்டிருக்க வேண்டும். தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.