ஆசிப் படம்

மாலை ஆகியும் படக்காரருக்கு அன்றைக்கு முதுகு வலிக்கவில்லை. எதுவோ சரியில்லை என்பதற்கு முதல் அடையாளம் அதுதான்.

மலையுச்சியில், கீழே பரந்து கிடக்கும் நகரத்தின் மேல் வலது கையை நீட்டி ஆசி வழங்கிக்கொண்டு நின்றது அந்தக் கல் சாமி. வருகிறவர்களைத் தரையிலிருந்த மஞ்சள் புள்ளியில் நிறுத்தி, இவர் எதிரே குப்புறப் படுத்துக் கேமராவை அண்ணாத்திப் பிடித்தால், உயரத்திலிருக்கும் கை அவர்கள் தலையிலேயே வைத்த மாதிரி படத்தில் விழும். ஆசிப் படம். பல்லிப் பிழைப்பு என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

இன்று காலையில் முழங்காலிட்டாலே போதுமாக இருந்தது. மதியத்துக்கு மேல் ஸ்டூலில் உட்கார்ந்தே எடுத்தார்.

"என்ன படக்காரரே, பல்லி எழுந்து உட்கார்ந்துடுச்சு?" என்றார் காவலாளி.

"புள்ளியை நீதான்யா நகர்த்தி அடிச்சிருக்கே. நல்லா இரு."

"நான் பெயின்ட் டப்பாவைத் தொட்டே மாசக்கணக்காச்சு."

அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தெம்பில்லை. நிமிர்ந்து பார்த்திருக்கலாம். ஆனால் கேமராவுக்கு வெளியே அந்தச் சிலையை அவர் பார்த்து வெகுகாலமாகிறது. கிடைத்த சௌகரியத்தை எதற்குக் கேள்வி கேட்பது?

வெயில் இறங்க இறங்கப் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஈரக் கல்லின் வாசனையோடு ஏறி வந்தது. எப்போதும் சிலையின் கையில் வரிசையாக உட்கார்ந்து முனகும் புறாக்கள் இன்று வரவே இல்லை என்பதும், பக்கத்து அறையில் யாரோ கனத்த பீரோவை அங்குலம் அங்குலமாக நகர்த்துவது போன்ற உரசல் வெகுநேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதும் கூட்டம் கலைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

கடைசி வேனில் மனைவி மகளோடு வந்து இறங்கினாள். மறுநாள் குட்டிக்குக் காதில் ஆபரேஷன்.

"ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் எடுத்தாச்சு. நம்ம பிள்ளைக்கும் ஒண்ணு எடுங்க."

"அது கேமரா பண்ற பித்தலாட்டம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும் கொஞ்சம் தைரியமா இருக்கும்ல."

தனக்கும் அது தேவைப்படுகிறது என்பதை அவர் சொல்லவில்லை. குட்டியைப் புள்ளியில் நிறுத்தினார். பேசினால் அவளுக்குக் கேட்காது. அதனால் வாயை அகலத் திறந்து காட்டினார். சிரி என்பதற்கு வீட்டில் அதுதான் சைகை.

"அப்பா, தலையில மண்ணு கொட்டுது."

அவர் பின்னோக்கி நடந்தார். ஸ்டூல் தேவைப்படவில்லை. நின்றபடியே கேமராவைக் கண்ணில் வைத்தார். கச்சிதம்.

"என்னங்க, நிஜமாவே தலையில வச்ச மாதிரியே இருக்கு," என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

அவர் விரல் பொத்தானில் நின்றது.

அவள் கையில் கேமரா இல்லை. வெறும் கண்ணுக்கு அப்படித் தெரியாது. ஒருநாளும் தெரிந்ததில்லை.

கேமராவை இறக்கினார்.

"குட்டி, ஓடி வா."

கேட்கவில்லை. கத்தினார். வாயை அகலத் திறந்து கத்தினார். அப்பா இன்னும் பெரிதாகச் சிரிக்கச் சொல்கிறார் என்று நினைத்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

ஓடினார். உரசல் நின்றது.

தூண் பருமனுள்ள கல் விரல் ஒன்று அவள் நெற்றியில் விழுந்த முடியை மெதுவாக ஒதுக்கியது. மற்ற விரல்கள் அவளைச் சுற்றி மடங்கின. ஒரு செருப்பு கழன்று தரையில் விழுந்தது. அதற்கு மேலே, அவர் கைக்கு எட்டாத உயரத்தில், குட்டி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.