வாசலை நோக்கி

தொரிகோயே பெரியவரின் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனி விட்டிருந்தது. நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் நேராக நின்ற வீடு அது ஒன்றுதான். மற்ற வீடுகளின் கதவுகளில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டே வந்திருந்தோம். சிவப்பு என்றால் உள்ளே போகக் கூடாது. பச்சை என்றால் போகலாம்.

"பச்சையா ஒட்டிடுங்க தம்பி." வேலியோரம் நின்று கெஞ்சினார் பெரியவர். "பள்ளிக்கூட ஹால்ல என் பக்கத்துல படுக்கிற ஆளோட குறட்டைக்கு இந்த நிலநடுக்கமே தேவலை. இன்னிக்காவது என் வீட்ல தூங்கணும்."

"பார்த்துட்டுச் சொல்றோம் ஐயா" என்ற மிஸுஷிமா, சுவரின் சாய்வு பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் போனாள். நாங்கள் இருவரும் ஜோடியாகத்தான் ஆய்வுக்குப் போவோம்.

நான் கதவைத் தள்ளித் திறந்தேன். ஆய்வின்போது பூட்ஸைக் கழற்றக் கூடாது என்பது விதி. ஆனால் உள்ளே அப்போதுதான் துடைத்து விட்டதுபோல் தரை மின்னியது. கால் மேலேற மறுத்தது. கழற்றிப் போட்டேன். ஒன்று உருண்டு சாய்ந்தது. அப்படியே விட்டுவிட்டு ஏறினேன்.

ஊதுவத்தி வாசனை. நிலநடுக்கத்துக்குப் பிறகு யாருமே உள்ளே வராத வீட்டில், புதிதாக ஏற்றிய வாசனை.

பாயிலிருந்து குளிர் காலில் ஏறியது. எங்கோ மரம் மெல்ல முனகி நின்றது. தூண்கள் சாயவில்லை. சுவரில் கீறல் இல்லை. பச்சைதான் என்று முடிவு செய்து திரும்பினேன்.

பூட்ஸ் இரண்டும் ஒட்டி நின்றன.

நுனிகள் வாசலை நோக்கி.

வெளியே வந்ததும் கேட்டேன். "என் பூட்ஸை நீயா திருப்பி வெச்ச?"

"அந்த நாத்தத்தைத் தொடணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்றாள் மிஸுஷிமா. "நான் பின்சுவர்கிட்டயே இருந்தேன்."

பெரியவரின் முகம் வெளுத்தது.

"என் சம்சாரம் ஃபூமி..." குரல் இறங்கியது. "வந்தவங்க சீக்கிரம் கிளம்பணும்னு நினைச்சான்னா, டீ ஆறுறதுக்குள்ள செருப்பைத் திருப்பி வெச்சிடுவா. அவ போயி வருஷக்கணக்காச்சு தம்பி."

பச்சைத் தாள் என் கையிலேயே இருந்தது.

தரை உறுமியது.

நேராக நின்ற வீடு, முழங்கால் மடிந்ததுபோல் அப்படியே உட்கார்ந்தது. முறிந்த அடிக்கட்டையிலிருந்து கரையான் அரித்த தூள் கொட்டியது. எங்கள் இருவர் கண்ணிலும் படாத இடம்.

பெரியவரைப் பள்ளிக்கூட ஹாலுக்கே திரும்ப அழைத்துப்போனோம். காலையில் அந்த ஹாலின் கதவிலும் நான்தான் பச்சை ஒட்டியிருந்தேன். உள்ளே மிஸோ சூப்பின் வாசனை. குழந்தைகளின் கூச்சல். ஊரில் மிஞ்சியவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

காலையில் குவியலாகக் கிடந்த காலணிகள் இப்போது வரிசை வரிசையாக நின்றன. கைக்குழந்தையுடையது முதல் கிழவர்களுடையது வரை.

எல்லாமே வாசலை நோக்கி.

"ஃபூமி" என்றார் பெரியவர், மூச்சுக்குள். "இத்தனை பேரையுமா?"

கதவிலிருந்த பச்சைத் தாளைப் பிய்த்தெடுத்தேன். பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.