எரிந்த அறையின் முப்பத்திரண்டு டிகிரி

பகல் 1.10. சாத்தூரை அடுத்த பட்டாசு ஆலையில் நான்காம் அறை வெடித்தது. அங்கே வேலை செய்த சிவபாண்டியின் உடலைப் போர்வையால் மூடினார்கள்.

1.50. இன்ஸ்பெக்டர் கற்பகவல்லி ஆபீசுக்குள் வந்தார். மேஜையில் ஓட்டைக் கம்ப்யூட்டர் ஒன்று. ஆபீஸ் ஊழியர் விக்னேஷ்குமார் அதில் பழைய இயந்திரமும் தாங்கும் எளிய மென்பொருள் ஏற்றி, திரையின் உச்சியில் மெல்லிய பட்டை ஒன்றை அமைத்திருந்தான். அதில் மணி ஓடும். பக்கத்தில் வெடிமருந்து அறைகளின் வெப்பம், அங்கே மாட்டிய பேட்டரிக் கருவிகளிலிருந்து வந்து விழும். முப்பத்தெட்டைத் தாண்டினால் எண் சிவக்கும். உடனே வேலையை நிறுத்த வேண்டும்.

இப்போது அறை 4: 32. அறை 5: 32.

"இவன் பட்டையை நம்பித்தான் மேடம் வேலை பாக்கச் சொன்னேன்." போர்மேன் அய்யாதுரை, பட்டாசுக்கான அலுமினிய வெள்ளிப்பொடி அப்பிய கையால் விக்னேஷைக் காட்டினார். "எனக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே தெரியாது."

கைவிலங்கு தனக்குத்தான் என்று நினைத்தான் விக்னேஷ்.

"நீ மருந்து அறைக்குப் போவியா?" என்றார் கற்பகவல்லி.

"ஆபீஸ் ஆளை விட மாட்டாக மேடம். கருவி மாட்டுனதே போர்மேன் அண்ணாச்சிதான்."

"பட்டையில எண்ணை மாத்துறது?"

"ஒரு பைல்தான். எல்லாருக்கும் புரியட்டும்னு வரிக்கு வரி தமிழ்ல எழுதி வச்சிருக்கேன்."

கற்பகவல்லி விசைப்பலகையை உற்றுப் பார்த்தார். பிறகு திரையை.

"நாலாம் ரூம் கருவி எரிஞ்சு நாப்பது நிமிஷம் ஆச்சு. இன்னும் எப்படி முப்பத்திரண்டு?"

"கருவி செத்தா வெறும் கோடுதான் வரணும் மேடம்!" என்றான் விக்னேஷ்.

"அப்போ அஞ்சும் பொய். அங்கே யாரு?"

அய்யாதுரை ஐந்தாம் அறைப் பக்கம் திரும்பினார். "அதிகாரிக வாரதுக்குள்ள சரக்கை எடுக்க... இவன் ஆத்தா மாரித்தாயும் மூணு பொம்பளைகளும்."

"அம்மா!" விக்னேஷ் வெயிலில் பாய்ந்தான். கற்பகவல்லியும் பின்னாலேயே ஓடினார். ஐம்பதடி தூரம் முடிவதாகவே இல்லை. "எல்லாத்தையும் போட்டுட்டு வாங்க!" என்று கற்பகவல்லி கத்தினார். நான்கு பெண்களும் வெளியே வந்து விழுந்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

2.10. "கீபோர்டுல மூணுங்கிற பொத்தான்லயும் ரெண்டுலயும் வெள்ளிப்பொடி அப்பிக் கிடக்கு. இந்த ஆபீசுல அந்தக் கை உங்களுக்கு மட்டும்தான் அய்யாதுரை" என்றார் கற்பகவல்லி.

முப்பது வருஷமாகக் கையில் ஒட்டியிருந்த பொடி. அய்யாதுரையின் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

"சீசன் ஆர்டர் மேடம். பதினோரு மணிக்கே செவந்துருச்சு. ஒரு நாள்தானேன்னு நானே முப்பத்திரண்டுன்னு மாத்தி வச்சேன்..."

விக்னேஷ் பழைய வரியைத் திரும்ப எழுதினான். பட்டை ஒருமுறை அணைந்து வந்தது. அறை 5: 43, சிவப்பு.

நான்காம் அறைக்கு நேரே வெறும் கோடு.