பன்றிக்குக் கட்டிய கம்பி

கரண்ட் போன பிறகும் மக்காச்சோளக் கொல்லைக்குள் அந்த இரைச்சல் நிற்கவில்லை.

வரப்பில் சோற்றுத் தூக்கை வைத்த பூவிழியிடம் முத்துவேல் கேட்டார்: "மோட்டார் ஓடுதா பாப்பா?"

"கரண்ட் போயி ஒரு மணி நேரமாச்சு மாமா. மெயினையும் அணைச்சிட்டுத்தான் வரேன். வெயிலு காதுக்குள்ள பூந்துருச்சா?"

சிரித்தாள். அவள் அப்பா குழந்தைவேலின் சிரிப்பு.

ஆறு வருடம் முன்பு, பன்றிக்காக முத்துவேல் திருட்டுத்தனமாகக் கட்டியிருந்த மின்கம்பியில், விடியலில் தண்ணீர் திருப்ப வந்த குழந்தைவேல் மாட்டிக்கொண்டார். உள்ளங்கை கம்பியோடு ஒட்டிப் பல் கிட்டித்துப்போக, கண் மட்டும் முத்துவேலைப் பார்த்தது. கை எட்டும் தூரத்தில் சுவிட்ச். அணைத்தால் பிழைப்பார். பிழைத்தால் சொல்வார், போலீஸ் வரும். முத்துவேல் நின்றார். அந்தக் கண் அசைவற்றுப்போன பிறகுதான் அணைத்தார். கம்பியைச் சுருட்டிக் கிணற்றில் போட்டார். உடலைக் குழந்தைவேலின் மோட்டாரடியிலேயே கிடத்தினார். மோட்டாரில் ஷாக் அடித்ததென்று குன்னம் போலீஸ் வரைக்கும் ஊரே நம்பியது.

அதன்பின் குழந்தைவேலின் மனைவி கண்ணகியின் இரண்டு ஏக்கரையும் அவரே உழுது விதைத்தார். பூவிழியைப் பெரம்பலூரில் நர்சிங் படிக்கவைத்தார். "எங்களுக்கு சாமி நீங்கதாண்ணே" என்பாள் கண்ணகி. அதைக் கேட்ட ராத்திரிகளில் மட்டும் அவருக்குத் தூக்கம் வந்தது.

"இங்கயே இரு" என்று உள்ளே நுழைந்தார். தோகைகள் முழங்கையை அறுக்க, பூந்தாதின் மணத்துக்கு அடியிலிருந்து கருகிய தோலின் நாற்றம் கிளம்ப, காற்றே இல்லாத உச்சி வெயிலில் அந்த இரைச்சல் காதை விட்டுக் கடைவாய்ப் பற்களுக்குள் இறங்கியது.

கம்பி.

முழங்கால் உயரத்தில். கிணற்றுப் பாசி சொட்டச் சொட்ட.

பின்வாங்கினார். கால் இடறியது. விழுந்த கை கம்பியைப் பிடித்தது.

ஒட்டிக்கொண்டது. தாடை பூட்டியது.

மறுமுனையில் குழந்தைவேல். இன்னும் பிடி விடவில்லை. அதே பல். அதே கண்.

"மாமா?"

தோகைகள் விலகின. பூவிழி.

"அய்யோ, வலிப்பா? பயப்படாதீங்க மாமா. நான் இருக்கேன்ல."

கம்பி அவள் கண்ணில் படவில்லை. அணை என்று கத்தப் பார்த்தார். அணைக்க என்ன இருக்கிறது? அவளே அணைத்துவிட்டுத்தான் வந்தாள்.

தொடாதே தாயி. தொடாதே.

பல் திறக்கவில்லை.

மறுமுனையில் அந்தக் கண் முதல்முறையாக அவரை விட்டு நகர்ந்து, மகள்மேல் நின்றது.

அவர் படிக்கவைத்த படிப்பு சொல்லித்தந்தபடி, பூவிழி பதறாமல் பக்கத்தில் மண்டியிட்டு, நாடி பார்க்க இரண்டு விரல்களை நீட்டினாள்.