பத்தாவது குழாய்

வந்த பெண் நாற்காலியில் உட்காரவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்று, "பதினாறு வருஷம் வேலை செஞ்ச ஆய்வகம்மா. இன்னைக்குக் காலையில சாவியைப் பிடுங்கிட்டாங்க," என்றாள்.

எதிரே இருந்த அம்மாள், காப்பீட்டுக் கம்பெனிக்காக முப்பது வருஷம் தீ விபத்துகளைத் துருவிப் பார்த்தவள். எல்லாரும் அவளுக்கு வைத்த பெயர் நிதானம். அவள் கொழுந்தனுக்கு வைத்த பெயர் அவசரம். அவர் அந்தப் பெயரை உடனே காப்பாற்றினார்.

"யாரோ உங்களுக்குக் குழி பறிச்சிருக்காங்க! அண்ணி, கெளம்புங்க!"

"முதல்ல அவங்க உக்காரட்டும் தம்பி. அப்புறம் நீங்களும் உக்காருங்க."

விஷயம் இதுதான். கொள்ளைநோய் வந்தால் திண்டாடக் கூடாது என்று நாலு துறைக்காரர்கள் ஒரே கட்டடத்தில் கூடி வேலை செய்தார்கள்: ஆஸ்பத்திரி டாக்டர், கால்நடை டாக்டர், நோய் பரவும் வேகத்தைக் கணக்கிடும் தலைவர், இந்த ஆய்வகத்துப் பெண். நேற்று பறவைக் காய்ச்சலுக்கு ஒத்திகை. ஆஸ்பத்திரி டாக்டர் பத்துக் குழாய்கள் கொடுத்தார். இரண்டில் செத்த கிருமியின் துணுக்கு, எட்டில் வெறும் உப்புநீர். எந்த இரண்டு என்று அவள் சொல்ல வேண்டும். அவள் மூன்று என்றாள்.

"கை சுத்தமில்லைன்னு எல்லார் முன்னாடியும் தலைவர் சொல்லிட்டாரும்மா. மூணு தடவை திரும்பச் செஞ்சேன். மூணு தடவையும் பத்தாவது குழாயில கிருமி இருக்கு. இல்லாததை இருக்குன்னு சொல்றவளா நான்?"

தலைவர் திறந்துவிட்ட ஆய்வகத்தில் நிதானம் குழாய்களைத் தொடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றே பார்த்தாள். பத்துக்கும் சிவப்பு மூடி. ஒன்பதில் லேபிள் வழவழவென்று ஒட்டியிருந்தது. பத்தாவதில் மட்டும் சுருங்கி, ஓரம் பிரிந்து நின்றது.

"தம்பி, ஃப்ரிட்ஜிலேருந்து எடுத்த பாட்டில்மேல காகிதம் ஒட்டினா என்ன ஆகும்?"

"வேர்த்து வழியும். ஒட்டாது அண்ணி. அதுக்கும் இதுக்கும்…" அவசரம் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

அவள் சோதனைப் படத்தைக் கேட்டாள்; கிருமி எவ்வளவு அதிகமோ, அந்தக் குழாயின் கோடு அதில் அவ்வளவு சீக்கிரம் ஏறும். இரண்டு கோடுகள் ஜோடி மாடு போலச் சேர்ந்து ஏறின. மூன்றாவது, அவற்றுக்கு வெகு முன்னாலேயே விருட்டென்று எழும்பியிருந்தது.

பிறகு நாலு பேரையும் அங்கிருந்த நீண்ட மேஜையைச் சுற்றி உட்கார வைத்தாள். மேஜைமேல் ஒத்திகைக்கான எச்சரிக்கைப் படிவம் கிடந்தது. அதன் தலைப்பில் கொட்டை எழுத்தில், 'இது ஒத்திகை'.

"திருடன் யாருன்னு சொல்லுங்க," என்றார் தலைவர்.

"திருடனே இல்லை. தலைவர் சார், நீங்க கோடு போட்டுக் கணக்குப் பாக்குறவர். கை அழுக்கா இருந்து பக்கத்துக் குழாய்லேருந்து ஒட்டியிருந்தா, மூணாவது கோடு எப்படி இருக்கணும்?"

தலைவர் படத்தை இழுத்துப் பார்த்தார். "பலவீனமா, பின்னாடி வரணும். இது…" அவர் முகம் மாறியது. "இது ஆயிரம் மடங்கு அதிகம். நான் எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்தேன்."

"ஆஸ்பத்திரி டாக்டர் சார், பத்தாவது குழாய் எங்கே கெடச்சுது?"

"ஒண்ணு குறைஞ்சுது. பொது ஃப்ரிட்ஜில ஒண்ணு இருந்துது, எடுத்து லேபிள் ஒட்டினேன். எங்க ஆஸ்பத்திரியில சிவப்பு மூடின்னா புது உப்புநீர்க் குழாய். இது என்ன பெரிய விஷயம்?"

நிதானம் கால்நடை டாக்டர் பக்கம் திரும்பினாள். "உங்க பக்கம் சிவப்பு மூடின்னா என்ன சார்?"

அவர் நாற்காலி சாய எழுந்து ஓடி ஃப்ரிட்ஜைத் திறந்தார். அவர் எண்ணுவது மேஜைவரை கேட்டது.

"செத்த பறவை," என்றார், அங்கிருந்தே. "எங்களுக்குச் சிவப்புன்னா செத்த பறவை. போன வாரம் ஒரு பண்ணையில கோழிங்க செத்துச்சு. பதினேழு குழாய் வெச்சேன். பதினாறுதான் இருக்கு. நம்பரை அடியில எழுதுவேன்."

ஆய்வகத்துப் பெண் கையுறை மாட்டி, பத்தாவது குழாயைக் கண்ணாடிக்குள்ளேயே தலைகீழாகக் கவிழ்த்தாள். அடியில் பொடி எழுத்தில் 17.

அவசரம், யாரும் சொல்லாமலே, உட்கார்ந்தார்.

"ஏன்யா இதை முன்னாடியே சோதிக்கல?" தலைவர் கால்நடை டாக்டரைப் பார்த்துக் கீச்சிட்டார்.

"நீங்கதான சார் சொன்னீங்க, ஒத்திகை முடியட்டும், ஆய்வகத்தைத் தொந்தரவு பண்ணாதேன்னு."

அப்போதுதான் ஆஸ்பத்திரி டாக்டர் குறுக்கிட்டார். "எந்தப் பண்ணை?"

"ஆத்துப்பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"முந்தாநாள் அங்கேருந்து ஒருத்தர் வந்தார். கடுங்காய்ச்சல், மூச்சு வாங்குது. கோழிக்குத் தீனி போடுறவர். சாதாரண சளின்னு மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டேன். கூட பொண்டாட்டியும் கைக்குழந்தையும் வந்திருந்தாங்க."

ஒரே கூரையின்கீழ் மூன்று வருஷம் தேநீர் குடித்தவர்கள். ஒருவர் மூடியின் நிறத்தை மற்றவர் கேட்டதே இல்லை.

தலைவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அவளிடம் நீட்டினார். "என்னை மன்னிச்சுக்கம்மா" என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அப்புறம் சார்." அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். "அந்த ஆளோட முகவரியைச் சொல்லுங்க. குழந்தைக்கு என்ன வயசு?"

சொல்லிக்கொண்டே எச்சரிக்கைப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்து, 'இது ஒத்திகை' என்ற வரியை அடித்தாள்.